உள்ளங்கைத் தண்ணீர்

கரும்பலகையில் பஸ்ரியன் மாஸ்ரர் இரண்டு வள்ளங்களைக் கீறினார். ஒன்றின் கீழே கார்த்தேஜ் என்றும் மற்றதன் கீழே உரோமை என்றும் எழுதினார். வள்ளம் என்று அவர் சொன்னபடியால்தான் அவை வள்ளங்கள். எமில்டாவின் கண்ணுக்கு இரண்டும் மல்லாத்தி வைத்த தொப்பிகள். அவள் கடற்கரை ஊரில் பிறந்து கடலுக்குப் போகிறவனையே கட்டியவள். வள்ளத்தின் முன்பக்கத்து அணியம் எது, பின்பக்கத்துக் கடையார் எது என்று இருட்டிலும் தடவிச் சொல்லக்கூடியவள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. அந்த வகுப்புக்கு வரத் தொடங்கிய நான்கு கிழமையிலும் அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ஸ்காபரோவில் அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில், ஞாயிறு பின்நேரங்களில், 'ஆதித் திருச்சபையின் சங்கங்கள்' என்ற தலைப்பில் பத்துக் கிழமை வகுப்பு. முதல் கிழமை இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அன்றைக்கு ரோல்ஸும் பற்றிஸும் கொடுத்தார்கள். இரண்டாம் கிழமை தேத்தண்ணி மட்டும், பதினொரு பேர். நான்காம் கிழமை ஏழு பேர், அதில் ஒருவர் நித்திரை. மாஸ்ரர் மனம் தளரவில்லை. ஊரில் பெரிய பள்ளிக்கூடமொன்றில் சரித்திரம் படிப்பித்தவர், இங்கே டவுன்ரவுனில் கார் நிறுத்துமிடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ரிக்கற் கிழிக்கிறார். காரும் காரும் வருகிற இடைவெளியில் படித்துப் படித்தே இறையியல் கல்லூரியில் பகுதிநேர மாணவராகச் சேர்ந்துவிட்ட மனிசன். எமில்டா வந்தது படிப்புக்காக அல்ல. அவளுடைய மனிசன் ஜெறாட் மேலே பாடகர் குழுவில் பாட்டுப் பழகுகிற நேரம் இது. பழகி முடிந்துதான் காரில் வீட்டுக்குப் போகலாம். மேலே இருந்தால் ஒரே பாட்டைப் பன்னிரண்டு தரம் கேட்க வேண்டும், கீழே ஹீற்றர் நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் மாஸ்ரர் சொல்லுகிற கதைகள் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தன. ஆயர்மார் என்றால் பொன் முடியும் செங்கோலுமாகச் சுவரில் இருக்கிறவர்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாஸ்ரரின் ஆயர்மார் கோவித்தார்கள், கடிதம் எழுதினார்கள், கூட்டத்தை விட்டு எழும்பிப் போனார்கள், போட்டிக்கு வேறொரு கூட்டம் கூட்டினார்கள். இந்த நகரத்தில் தமிழர் ஆறு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம், ஏழாவது ஆள் வந்தால் இரண்டு சங்கம். ஆகவே நிசேயாவிலும் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் நடந்தது என்ன என்று அந்த ஏழு பேருக்கும் ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைய கதை கொஞ்சம் பின்னோக்கிப் போனது. நிசேயாவுக்கு எழுபது வருடம் முந்தி. அரசர்கள் கிறிஸ்தவர்களை வதைத்த கொடுமைக்காலத்தில் திருச்சபையிலிருந்து ஒரு பகுதி பிரிந்து போய்த் தனிக்கூட்டமாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஆட்கள் பிறகு மனம் மாறித் திரும்பி வருகிறார்கள். அவர்கள் மீது திரும்பவும் தண்ணீர் ஊற்றுவதா, பழைய தண்ணீரே போதுமா? கார்த்தேஜில் எண்பத்தேழு ஆயர்மார் கூடி, ஒவ்வொருவராக எழும்பி, வெளியில் இருக்கிறவன் ஊற்றினால் அது வெறும் தண்ணீர், தன்னிடம் இல்லாததை அவன் எப்படிக் கொடுப்பான், திரும்ப ஊற்று என்றார்கள். உரோமை சம்மதிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வருடம் இழுபட்டது. பிறகு ஆர்ல் என்ற ஊரில் கூடிய சங்கம் முடிவு சொன்னது.

"என்ன சொன்னவை தெரியுமோ? வாற ஆளைக் கேளுங்கோ எண்டு சொன்னவை. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின்ரை பேரிலைதான் ஊத்தினது எண்டால், அது ஊத்தினதுதான். திரும்ப ஊத்தக் கூடாது. கையை மட்டும் தலையிலை வையுங்கோ. ஊத்தின கை ஆரின்ரை கை எண்டு பாக்கிறேல்லை. ஏனெண்டால் குடுக்கிறது அந்தக் கை இல்லை."

மாஸ்ரர் வெண்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். எமில்டாவுக்குத் தன் காது இரண்டும் அடைத்ததுபோல இருந்தது. மேலே பாட்டு ஒன்பதாம் தரமாக நடந்துகொண்டிருந்தது, அதுவும் கேட்கவில்லை. தன் குரல்தான் தனக்குக் கேட்டது.

"மாஸ்ரர், வேதக்காரர் இல்லாத, வேறை சமயத்து ஆள் ஊத்தினால்?"

ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நித்திரையாக இருந்தவரும் கண் முழித்தார். பஸ்ரியன் மாஸ்ரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார்.

"உந்தச் சங்கங்கள் கதைச்சது பிரிஞ்சு போனவையைப் பற்றித்தான், எமில்டா. வேதமே இல்லாத ஆள் எண்டால், எனக்கு இப்ப தெரியேல்லை. பாத்துப்போட்டு அடுத்த கிழமை சொல்லுறன்."

தெரியவில்லை என்று சொல்லக்கூடிய ஒரு வாத்தியாரை எமில்டா அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்டாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. ஏனென்றால் பத்து வருடமாக அவளுக்குத் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஒரு விஷயம், தெரியாத விஷயமாக அந்த நிமிஷம்தான் மாறியது.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதம் அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஏழு மாதத்துப் பிள்ளை. ஜெறாட் தொழிலுக்குப் போன இடத்தில் கடற்பாதை மூடுபட்டு மறுகரையில் நின்றுவிட்டான். ஆஸ்பத்திரியில் அவளை மயக்கி, வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். அவள் கண் முழித்தபோது விடிந்திருந்தது. பெண் பிள்ளை, முக்கால் மணித்தியாலம் இருந்தது என்றார்கள். பங்குச் சுவாமியைக் கூப்பிட ஆள் அனுப்ப முடியவில்லை, அன்று முழுக்க ஷெல் அடி. இவ்வளவையும் சொன்னது இராஜேஸ்வரி மிஸ்ஸி. அந்த வார்ட்டில் பழைய தாதி, நெற்றியில் எப்போதும் மூன்று விரல் திருநீறு. சொல்லிவிட்டுக் குனிந்து, காதோடு காதாக, "நான் தண்ணி ஊத்தி உங்கடை முறைப்படி சொன்னனான், யோசிக்காதையும்" என்றாள்.

எமில்டா அதற்குச் சொன்ன பதில் பத்து வருடமாக அவளுடைய நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது. "ஆரைக் கேட்டு ஊத்தினனி? சைவக்காரி ஊத்தின தண்ணி என்ரை பிள்ளைக்கு என்னத்துக்கு?" என்று கத்தினாள். வார்ட்டில் இருந்த இருபது கட்டிலும் கேட்டது. வயதில் மூத்த மனுசியை நீ என்று சொன்னதும் கேட்டது. மிஸ்ஸி நிமிர்ந்து தன் வேலையைப் பார்க்கப் போனாள். மத்தியானம் கோயில் மூப்பர் வந்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததோ என்று கேட்டார். எமில்டா இல்லை என்றாள். அடுத்த கட்டில்காரிக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டு நின்ற மிஸ்ஸிக்கு அதுவும் கேட்டிருக்கும். அன்று பொழுதுபட முன்னம் பிள்ளையைக் கொண்டுபோய், கல்லறைகள் இருக்கிற சேமக்காலை வேலிக்கு வெளியே, ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளைத் தாழ்க்கிற மண்ணில் வைத்தார்கள். அந்த ஊர்ப் பழைய வழக்கம் அது. பிறகு வந்து சேர்ந்த சுவாமி மிகவும் மனம் வருந்தினார். இப்போது திருச்சபை அப்படிப் பார்ப்பதில்லை, கடவுள் வேலியைவிடப் பெரியவர் என்றார். பெரியவர்தான். ஆனால் பிள்ளை வேலிக்கு வெளியேதானே கிடந்தது. வைத்தது மூப்பரும் இல்லை, வழக்கமும் இல்லை, தான் சொன்ன ஒரு சொல் என்று எமில்டாவுக்குத் தெரியும். இரண்டு வருடம் கழித்து மகன் பிறந்தபோது எட்டாம் நாளே துணியில் சுற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். ஊர் சிரித்தது.

இராஜேஸ்வரி மிஸ்ஸி ரொறொன்ரோவுக்கு வந்து மூன்று வருடம். இதுவும் எமில்டாவுக்குத் தெரியும். எக்ளின்ரன் வீதியில் எந்தக் கட்டடம், மனிசன் சிவபாதத்தோடு எத்தனையாம் மாடியில் இருக்கிறாள், வயோதிபர் இல்லம் ஒன்றில் முதியவர்களுக்குச் சாப்பாடு தீத்தி உடம்பு கழுவிவிடுகிற வேலைக்கு எத்தனை மணி பஸ்ஸில் போகிறாள் என்பதுவரை தெரியும். ஒளித்துத் திரிகிறவர்களுக்கு இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பிளாஸாவில் இருக்கிற தமிழ்க் கடையில் மிஸ்ஸியின் தலை தெரிந்தால் எமில்டா அடுக்கி வைத்த அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள். ஒருமுறை இருபது நிமிஷம் நின்று, கையில் இருந்த மீன் பையிலிருந்து தண்ணீர் வடிந்து சப்பாத்து நனைந்துபோனது. கடைக்காரன் என்ன தேடுறீங்கள் அக்கா என்று கேட்டான். சம்பா என்றாள். அவள் வீட்டில் ஒருவரும் சம்பா தின்பதில்லை.

அந்தக் கிழமை முழுவதும் வேலையில் அவளுக்கு மனம் நிற்கவில்லை. பேக்கரித் தொழிற்சாலையில் பெல்ற்றில் வருகிற மஃபின்களை ஆறு ஆறாகப் பெட்டியில் அடுக்குகிற வேலை. செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டிக்குள் ஏழு வைத்து மூடப் பார்த்தாள். தண்ணீர், சொல், கை என்று மனதுக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. மாஸ்ரர் வந்து அது செல்லாது என்று சொல்லிவிட்டால் பழையபடி வாழலாம், பழகின துக்கம். செல்லும் என்று சொன்னால்? அப்போது வேலிக்கு வெளியே கிடப்பது யார்?

ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் போகும்வரை அவள் கதிரைகளை மடித்து அடுக்குகிறவள்போல நின்றாள். மாஸ்ரர் பையிலிருந்து போட்டோக்கொப்பித் தாள் ஒன்றை எடுத்தார். கல்லூரி நூலகத்தில் வியாழக்கிழமை இரண்டு மணித்தியாலம் தேடி எடுத்தேன் என்றார்.

"ஆதிச் சங்கங்கள் வழியைத் திறந்து விட்டிட்டுது. அந்த வழியாலை நடந்து போய்ச் சேர ஆயிரம் வருசம் பிடிச்சிருக்கு. புளோரன்சிலை கூடின சங்கம் தெளிவாய் எழுதி வைச்சிருக்கு. பிள்ளை சாகக் கிடக்குது, சுவாமி இல்லை எண்டால் ஆரும் குடுக்கலாம். ஆம்பிளை, பொம்பிளை, அஞ்ஞானி எண்டாலும் குடுக்கலாம். தண்ணியும் சொல்லும் சரியாய் இருக்கோணும். திருச்சபை செய்யிறதைத்தான் நானும் செய்யிறன் எண்ட நினைப்பு இருக்கோணும். அவ்வளவுதான்."

"சொல் சரியோ எண்டு எப்பிடி அறியிறது?"

"ஆர்லிலை சொன்னதுதான். கேக்கோணும்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. யாருடைய பிள்ளை, எப்போது, எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. தாளை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினார். எமில்டா மற்றக் கதிரைகளையும் மடித்து வைத்தாள். நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் முந்திரிகைப்பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஜெறாட்டிடம் கடைக்கு என்றாள், அதில் பாதி உண்மை. பஸ்ஸில் ஒரு யோசனை வந்து அவளைப் பிடித்தது. மிஸ்ஸி சொன்ன சொல் பிழையாக இருந்தால்? உங்கடை முறைப்படி என்றாளே தவிர என்ன முறை என்று சொல்லவில்லையே. யேசுவே காப்பாத்து என்று மட்டும் சொல்லியிருக்கலாம். முருகா என்றும் சேர்த்திருக்கலாம், பதட்டத்தில் யார் என்ன கண்டது. இவ்வளவு நாளும் கேட்காமல் இருந்ததில் ஒரு பாதுகாப்பு இருந்தது. இறங்க வேண்டிய தரிப்பு வந்தது, எமில்டா இறங்கவில்லை. அடுத்த தரிப்பில் இறங்கி, குளிர் காற்று முகத்தில் அடிக்கத் திரும்பி நடந்தாள். நடக்கும்போது அந்த எண்பத்தேழு பேரையும் நினைத்துக்கொண்டாள். அவர்கள் பிழையாகத்தான் முடிவெடுத்தார்கள், ஆனாலும் எழும்பி நின்று சொன்னார்கள். ஒளித்து நிற்கவில்லை.

கதவைத் திறந்தது சிவபாதம். உள்ளே பார்த்து, "இராசேஸ், ஆரோ ஒரு பிள்ளை" என்றார். இராஜேஸ்வரி மிஸ்ஸி வேலைக்குப் போகிற வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. திருநீறு அதே மூன்று விரல்.

"மிஸ்ஸி, என்னைத் தெரியுதோ?"

"தெரியாமல் என்ன. மூண்டு வருசமாய் அரிசி மூட்டைக்குப் பின்னாலை நிக்கிறனீர். உள்ளை வாரும், குளிர்."

எமில்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டையும் விழுங்கினாள். சிவபாதம் பழத்தை வாங்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். அங்கே நின்று பாத்திரங்களைத் தேவைக்கு மேலாகச் சத்தப்படுத்தினார், காது கேட்காத இடத்தில் நிற்கிறேன் என்று அறிவிக்கிற மனிசர்போல. சோபாவின் நுனியில் இருந்துகொண்டு எமில்டா கேட்டாள். ஒப்புக்கு ஒரு கதையும் கதைக்கவில்லை. நலம் விசாரிக்கவும் இல்லை. பிள்ளைக்கு என்ன சொல்லி ஊற்றினீங்கள் என்று கேட்டாள்.

மிஸ்ஸி கழற்றின சப்பாத்தைக் கதவோரம் வைத்துவிட்டு வந்து இருந்தாள்.

"நான் றெயினிங் செய்தது மிசன் ஆஸ்பத்திரியிலை. சிஸ்ரர் ஒராள், வலு கண்டிப்பு. நாங்கள் நாப்பது பேர், அரைவாசி சைவப் பிள்ளையள். எல்லாருக்கும் சொல்லித் தந்தவ. எனாமல் பேசினுக்கு மேலை றப்பர் பொம்மையைப் பிடிச்சு, தண்ணியை ஊத்தி, ஊத்தேக்கை சொல்லோணும். முதலும் இல்லை, பிறகும் இல்லை, ஊத்தேக்கை. நாங்கள் சிரிப்பம். சிரிச்ச ஆள் திரும்பச் செய்யோணும். நான் ஏழு தரம் செய்தனான். இது உங்கடை கடவுளோ எங்கடை கடவுளோ எண்டு பாக்காதையுங்கோ, தாய்க்கு நீங்கள் செய்யிற கடைசிக் காரியம் எண்டு சொன்னவ. உம்மடை பிள்ளை மூச்சுக்குக் கஷ்டப்பட்டுது. தெரிஞ்சுபோச்சு. கொதிச்சாறின தண்ணி இருந்தது. ஆனால் ஆறிக் குளிர்ந்துபோச்சு. அவ்வளவு சின்னத் தலை, குளிர் தண்ணி பட்டால் திடுக்கிடுமெல்லே. அதாலை உள்ளங்கையிலை ஏந்திக் கொஞ்ச நேரம் வைச்சிருந்து, சூடு ஏறினாப் பிறகு ஊத்தினனான். மூண்டு தரம். மூண்டு தரமும் சூடாக்கித்தான்."

எமில்டா சோபாவின் நுனியிலிருந்து முன்னுக்குச் சரிந்தாள்.

"சொன்ன சொல்லு?"

"எமில்டா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே நான் உன்னை ஞானஸ்நானம் பண்ணுகிறேன்."

தடக்கமில்லாமல், படித்த தமிழில், ஏழு தரம் செய்து பழகிய பிள்ளையின் ஒழுங்கோடு அந்த வசனம் வந்தது. குசினியில் சத்தம் நின்றுவிட்டது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ சொல்லத் தொடங்கினாள் என்றுதான் எமில்டா முதலில் நினைத்தாள். பிறகுதான் விளங்கியது.

"மிஸ்ஸி, பேர்…"

"பேர் சொல்லித்தான் ஊத்தோணும் எண்டு சிஸ்ரர் பழக்கினவ. நீர் மயக்கம். மனிசன் இல்லை, ஆரைக் கேக்கிறது. பிள்ளையின்ரை கையிலை பிளாஸ்ரர் துண்டு சுத்தியிருந்தது. அதிலை தாயின்ரை பேரைத்தானே எழுதிறது. அதைப் பாத்துச் சொன்னன். பிழையோ?"

"இல்லை மிஸ்ஸி."

"எனக்கும் ஒரு யோசினை இருந்ததுதான். சைவக்காரி நான் ஊத்தி, அந்தப் பிள்ளைக்குப் பாவம் தேடிக் குடுத்திட்டனோ எண்டு. அதாலை உமக்குப் பிறகு நான் ஒரு தாய்க்கும் சொல்லேல்லை. ஊத்துறதை விடேல்லை. சொல்லுறதை விட்டிட்டன். மூண்டு பிள்ளையளுக்கு ஊத்தினனான்."

எமில்டா எழும்பி, கம்பளத்தில் முழங்காலில் இருந்து, மிஸ்ஸியின் வலக்கையை எடுத்து விரித்துத் தன் கண்கள் இரண்டிலும் ஒற்றிக்கொண்டாள். வயோதிபர் இல்லத்துச் சவர்க்காரம் மணந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் வந்தது நன்றி. நன்றி மிஸ்ஸி, நன்றி மிஸ்ஸி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னுடைய பிள்ளை இந்த உலகத்தில் இருந்த முக்கால் மணித்தியாலத்தில் ஒரு மனுசி அதற்குத் தண்ணீர் குளிரக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். பெற்றவள் மயங்கிக் கிடந்தபோது பெற்றவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். இது தெரியாமல் பத்து வருடம் போய்விட்டது. இனித் தெரியும். எழும்பும் பிள்ளை, தேத்தண்ணி ஆறப்போகுது என்று மிஸ்ஸி சொன்னாள். அவளுடைய கண்ணும் நிறைந்திருந்தது.

போக முன்னம் எமில்டா பையிலிருந்து மாஸ்ரரின் தாளை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, அந்த மூன்று பிள்ளைகளின் பெயரைக் கேட்டாள். பிலோமினா, யக்குலின் என்று மிஸ்ஸி சொன்னாள். மூன்றாவது பிள்ளையின் கையில் இருந்த துண்டு நனைந்து மை கரைந்துபோய்விட்டது. அதற்குப் பிள்ளை என்று மட்டும் சொல்லி ஊற்றினேன் என்றாள். எமில்டா அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஜெறாட்டிடம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கத்தியதையும், மூப்பருக்கு இல்லை என்று சொன்னதையும் அவன் முதல்தரம் கேட்டான். மறுகரையிலிருந்து நான்கு நாள் கழித்து வந்தவனுக்கு, ஞானஸ்நானம் கொடுக்க முடியாமல் போய்விட்டது என்றுதான் அவள் அன்றைக்குச் சொல்லியிருந்தாள். கோவிப்பான் என்று நினைத்தாள். அவன் பீங்கானைத் துடைத்துக்கொண்டே நின்றான், துடைத்த பீங்கானைத் திரும்பத் துடைத்தான்.

"அப்ப எங்கடை பிள்ளை வேலிக்கு உள்ளை கிடக்க வேண்டிய பிள்ளை."

"ஓம்."

"அண்ணை போன மாசம் எழுதினவர், உமக்கு நான் வாசிச்சுக் காட்டேல்லை. சேமக்காலை வேலியும் மதிலும் ஒண்டுமில்லையாம். ஷெல் விழுந்து எல்லாம் சரி. பத்தை பிடிச்சு உள் எது வெளி எது எண்டு தெரியாமல் கிடக்காம்." பீங்கானை அடுக்கில் வைத்தான். "என்ன பேர் எண்டனீர்?"

அவள் சொன்னாள். அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நூறு தரம் கூப்பிடுகிற பெயரை அன்றைக்கு மெல்லமாக, புதிதாகச் சொன்னான்.

நவம்பர் தொடங்கி முதல் ஞாயிறு, மரித்தோருக்கான பூசை. கோயில் வாசலில் மேசை போட்டு வேரோனிக்கா அக்கா இருந்தா. தங்கள் தங்கள் வீட்டில் மரித்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் சுவாமி பீடத்தில் நின்று வாசிப்பார். பஸ்ரியன் மாஸ்ரர் முன்வரிசையில் இருந்தார். எமில்டா முதலில் மெழுகுதிரித் தட்டுக்குப் போய் ஒரு திரி கொளுத்தினாள். அது ஆர்லில் கூடிய ஆயர்மாருக்கு. ஒருவருடைய பெயரும் அவளுக்குத் தெரியாது. அவர்கள் சண்டை பிடித்ததற்கும், சண்டை பிடித்து முடிய யோசித்ததற்கும், கேளுங்கள் என்று எழுதி வைத்ததற்கும் நன்றி சொன்னாள். திரும்பிப் போனவள் கார்த்தேஜ் ஆட்களையும் விடுவானேன் என்று இன்னொன்று கொளுத்தினாள். பிறகு மேசையில் தன் தாளைக் கொடுத்தாள்.

வேரோனிக்கா அக்கா வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. "எமில்டா, மாறி உம்மடை பேரை எழுதிப்போட்டீர். இது செத்த ஆக்களின்ரை லிஸ்ற்."

"தெரியும் அக்கா. பிழை இல்லை."

"பிள்ளை எண்டும் கிடக்கு. எந்தப் பிள்ளை?"

"அதுவும் சரிதான்."

இந்த மனுசிக்கு வேலைக் களைப்பு என்று நினைத்தாவோ என்னவோ, வேரோனிக்கா அக்கா தாளைக் கட்டுக்குள் செருகினா. எமில்டா உள்ளே போய் நடுவரிசையில் இருந்தாள். பக்கத்தில் இராஜேஸ்வரி மிஸ்ஸி. வரட்டோ என்று நேற்று ரெலிபோனில் கேட்டுவிட்டு, நல்ல நீலச் சீலை கட்டி, திருநீறு பூசி வந்திருந்தாள். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். மிசன் ஆஸ்பத்திரியில் பழகியவள், அவ்வளவாகப் பிழைக்கவில்லை.

சுவாமி பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். அந்தோனிப்பிள்ளைகள், சூசைமுத்துக்கள், மரியம்மாக்கள், கடலில் போனவர்கள், ஷெல்லில் போனவர்கள், வயது போய்ப் படுக்கையில் போனவர்கள். நீண்ட பட்டியல். மேலே பாடகர் குழுவில் ஜெறாட் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடையில் ஓரிடத்தில் சுவாமி எமில்டா என்று வாசித்தார். இரண்டு மூன்று தலைகள் திரும்பி, அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்தன. பிலோமினா என்றார். யக்குலின் என்றார். அடுத்ததில் கொஞ்சம் தயங்கி, தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், பிள்ளை என்று வாசித்தார்.

எமில்டா பக்கத்தில் பார்த்தாள். மிஸ்ஸி கண்ணை மூடியிருந்தாள். நீலச் சீலையின் மேல், மடியில், அவளுடைய வலக்கை மல்லாந்து, விரல்கள் நெருங்கி, கிண்ணம்போலக் குவிந்து இருந்தது, சூடு ஏறும்வரை காத்திருப்பதுபோல.